கொயில் கட்டின கதை: மலையகத்துப் பைக்குகளும் சாமான் தேடி அலைந்த வரலாறும்

ஹோர்னை அமுக்கினால் ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி ஒரு சத்தம். சிக்னல் லைட் ஒரு தடவை மின்னி அப்படியே நிற்கும். செல்ஃப் அடித்தால் 'டிக்' என்பதோடு சரி. தோட்டத்தில் பைக் வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்த அறிகுறிகள் மனப்பாடம். முதலில் பெட்டரியைத்தான் திட்டுவோம். டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுப் பூட்டினால் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் பழையபடி. அப்போதுதான் கராஜ் அண்ணன் சொல்வார்: "தம்பி, பெட்டரியில பிழையில்ல. சார்ஜ் ஏறல. கொயில கழட்டிப் பாக்கணும்."

அதற்குப் பிறகு வருகிற கேள்வி ஒன்றுதான். சாமான் எங்கே கிடைக்கும், எவ்வளவு வரும்?

இந்தக் கேள்விக்கு 1950இல் ஒரு பதில் இருந்தது, 1973இல் வேறு பதில், 1995இல் வேறு, 2022இல் இன்னொன்று. சாமான் பெரிதாக மாறவில்லை. இரும்புத் தகட்டில் சுற்றிய செம்புக் கம்பிதான் அன்றும் இன்றும். மாறியதெல்லாம் கப்பலில் எது வரலாம் என்று யார் முடிவெடுத்தார்கள், டொலர் என்ன விலை, பைக் யார் கையில் இருந்தது என்பவைதான். தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் நிறையப் பேர். தேயிலை மலையில் ஓடுகிற பைக்குக்குச் சாமான் தேடின வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது.

முதலில் இது என்ன சாமான் என்று பார்த்துவிடுவோம். இன்ஜினின் ஒரு பக்கத்து மூடியைக் கழட்டினால் உள்ளே ஒரு சில்லு சுற்றும். அதன் உட்பக்கத்தில் காந்தங்கள். அதற்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் நாம் கொயில் என்று சொல்கிற ஸ்டேட்டர். காந்தம் சுற்றச் சுற்றச் செம்புக் கம்பியில் மின்சாரம் பிறக்கும். மைக்கேல் பரடே 1831இல் கண்டுபிடித்த விஷயம்தான், அதில் ஒன்றும் கூடவுமில்லை குறையவுமில்லை. ஆனால் இப்படிப் பிறக்கிறது திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம். பெட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டிசி. அதை மாற்றுகிறதும், அளவுக்கு மேலே போகாமல் பிடித்து வைக்கிறதும் ரெகுலேட்டர். சீட்டுக்கு அடியிலோ முன்பக்கத்திலோ, மீன் செதில் மாதிரி வரிவரியாக இருக்கிற அந்தச் சின்ன அலுமினியப் பெட்டி. கொயில், ரெகுலேட்டர், பெட்டரி, நடுவே நாலைந்து வயர். சார்ஜிங் என்றால் இவ்வளவுதான்.

இதே வேலை பெரிய அளவில் நடப்பது நம்முடைய மலைகளில்தான் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா டவுனுக்கு லைட் கொடுத்தார். மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா தண்ணீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். இடையில் 32 வருஷம். பிறகு காசல்ரீ வந்தது, மவுசாக்கலை வந்தது, பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள் போனது. அங்கே சுற்றுவதும் காந்தமும் செம்புக் கம்பியும்தான். அந்த மின்சாரம் கொழும்புக்குப் போன பிறகும் பல பத்தாண்டுகள் லயத்தில் எரிந்தது குப்பி விளக்கு. ஆகவே பரடேயின் மின்சாரம் நம்மில் பலருக்கு முதலில் கைக்கு எட்டியது ரேடியோ பெட்டரியிலும் பைக்கிலும்தான் என்று சொன்னால் பெரிய மிகை ஒன்றுமில்லை.

தோட்டத்துக்குப் பைக்கைக் கொண்டுவந்தவர்கள் துரைமார். பெரியதொர காரில் போவார், சின்னதொர மோட்டார் சைக்கிளில் மலை சுற்றுவார். சத்தம் கேட்டதும் "சின்னதொர வாறாரு" என்று கொழுந்து மலையில் கைகள் வேகமாவது பற்றி நம் பாட்டிமார் இன்றைக்கும் சொல்வார்கள். அவை பெரும்பாலும் இங்கிலாந்து பைக்குகள். அவற்றின் மின்சாரச் சாமான்களில் பெரும்பகுதி பர்மிங்ஹாமின் ஜோசப் லூக்காஸ் கம்பனியுடையது. லூக்காஸுக்கு 'இருளின் இளவரசன்' என்று இங்கிலாந்திலேயே பட்டப்பெயர். லைட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாதாம். அப்போது இருந்தது டைனமோ. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே இருக்கும். 1953இல் டிரையம்ப் ஸ்பீட் ட்வின் பைக்கில் லூக்காஸ் அல்டனேட்டர் வந்தது. அதில் பிரஷ் இல்லை, காந்தமும் கொயிலும் மட்டும்தான். இன்று நம்முடைய நூறு சிசி பைக்கில் இருப்பதும் அதே வம்சம்.

அந்தக் காலத்தில் சாமானுக்குப் பணம் கட்டியது தோட்டக் கணக்கு. கொழும்பு ஏஜென்சிக்குக் கடிதம் போகும், சாமான் கப்பலில் வரும், ரயிலில் ஹட்டனுக்கு ஏறும். 'மலிவான சாமான்' என்ற பேச்சே அப்போது எழவில்லை, ஏனென்றால் வாங்குபவர் பை கனமானது. பைக்கைக் கழுவித் துடைத்தவருக்கு அதை ஓட்டுகிற உரிமை கிடையாது.

பிரச்சினை தொடங்கியது அறுபதுகளில். தேயிலை விலை இறங்க, நாட்டின் வெளிநாட்டுப் பணக் கையிருப்பும் இறங்கியது. இறக்குமதிக்கு ஒவ்வொன்றாகக் கட்டுப்பாடு வந்தது. 1968இல் இரட்டை நாணய மாற்று முறை: அத்தியாவசியமில்லாத சாமானை இறக்குவதென்றால் வழமையான விலைக்கு மேலே 44 வீதம் கூடக் கட்ட வேண்டும். பிறகு அது இன்னும் ஏறியது. 1970இல் வந்த அரசாங்கம் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது. 1973, 74 என்றாலே தோட்டத்தில் பஞ்சம்தான் ஞாபகம் வரும். மனிதருக்கே மா இல்லாத காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ரெக்டிபயர் யார் கேட்பது? இருந்தாலும் வாகனங்கள் நிற்கவில்லை. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் அந்த ஏழு வருஷத்தையும் தாண்டி ஓடியது இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவை ஓடியது புதுச் சாமானில் அல்ல. தேய்ந்ததைக் கடைந்து, எரிந்ததைத் திரும்பச் சுற்றி, ஒன்றிலிருந்து கழட்டி இன்னொன்றில் பூட்டித்தான் ஓடின.

கொயில் கட்டுகிற தொழிலுக்கு மலையகத்தில் ஒரு தனி வாய்ப்பு இருந்தது என்பது என்னுடைய கணிப்பு. தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். கொழுந்து வாட்டுகிற விசிறிக்கு மோட்டார், ரோலருக்கு மோட்டார், சலிக்கிற மெஷினுக்கு மோட்டார். சீசனில் இரவு பகலாக ஓடும். மோட்டார் எரிந்தால் கொழுந்து காத்திருக்காது, அன்றைக்கே பழுதாகிவிடும். ஆகவே டவுனுக்கு டவுன் மோட்டார் வைண்டிங் செய்கிறவர் ஒருவர் தேவைப்பட்டார். மோட்டாரைச் சுற்றத் தெரிந்த கைக்கு பைக் கொயில் ஒரு பெரிய விஷயமே அல்ல. கம்பி மெல்லியது, சுற்று குறைவு, அவ்வளவுதான்.

1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் பைக்குகள் வந்து இறங்கின. ஹொண்டா சீடி, சி50, சி90. அந்தச் சிவப்பு எம்டி90, ஜப்பானில் தபால்காரர் ஓட்டிய பைக், நம் நாட்டு மலையேற்றத்துக்கென்றே செய்த மாதிரி ஓடியது. பைக்கோடு சேர்த்து பழைய இன்ஜின்களும் வந்தன. கொழும்பு மருதானைப் பக்கத்தில் பஞ்சிகாவத்தை பாட்டுக்கு வளர்ந்தது. ஒரு தெரு முழுக்க இரும்பு. ஒரு கடையில் கியர் பொக்ஸ் மலை மாதிரி, அடுத்த கடையில் கொயில் மட்டும் மாலை கட்டித் தொங்கும். மலையகத்து மெக்கானிக்மார் மாதத்துக்கு ஒரு தடவை லிஸ்ட் எழுதிக்கொண்டு முதல் பஸ்ஸில் கினிகத்தேனை, அவிசாவளை வழியாக இறங்கிப் போய், இருட்டினதும் பழைய சாக்கு நிறையச் சாமானோடு ஏறி வந்தார்கள். இன்றைக்கும் 'பஞ்சிகாவத்தையில பாக்கணும்' என்பது நம் கராஜ்களில் ஒரு மருத்துவக் குறிப்பு மாதிரிதான்.

ஆனால் கதவு திறந்தாலும் லயத்து வாசலில் பைக் உடனே வந்து நிற்கவில்லை. காரணம் பணம் மட்டுமல்ல. 1948இல் பறிபோன பிரஜாவுரிமைப் பிரச்சினை 1964 ஒப்பந்தம், 1988 சட்டம் என்று இழுபட்டு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. பிரஜை இல்லையென்றால் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாதவருக்கு லீசிங் யார் தருவார்? லயக் காம்பிராவுக்கு இலக்கத்தோடு ஒரு விலாசம் கூட இல்லை, கடிதம் வந்தாலும் தோட்ட ஒபிஸுக்குத்தான். பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்ச் சம்பளம் அனுப்பத் தொடங்கிய பிறகு, கார்டும் கையில் வந்த பிறகுதான் பைக் நம்முடையதாக ஆனது. அதற்குள் இந்தியப் பைக்குகள் சந்தையைப் பிடித்திருந்தன. பஜாஜ், டீவிஎஸ், ஹீரோ. ஜப்பான் பைக் அளவுக்கு உழைக்காது என்று பெரியவர்கள் முகம் சுளித்தாலும் ஒரு விஷயத்தில் அவை நம்மைக் காப்பாற்றின. கோடிக்கணக்கில் செய்த பைக்குக்குச் சாமான் பெட்டிக்கடை வரை வரும். ஒரிஜினல், அதற்குக் கீழே நல்ல டூப்ளிகேட், அதற்கும் கீழே ஒரு மாதம் உழைக்கிற டூப்ளிகேட் என்று மூன்று விலை. ஹட்டனில் வாங்கலாம், தலவாக்கலையில் வாங்கலாம். அந்தச் சில வருஷங்களில் கொயில் கட்டுகிறவர்களைத் தேடிப் போனவர்கள் குறைந்துதான் போனார்கள். புதுசே கைக்கெட்டும் விலையில் கிடைக்கும்போது யார் கட்டிக்கொண்டிருப்பது?

அதே நாட்டின் இன்னொரு மூலையில் இது தலைகீழாக நடந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெட்டரி தடை, பெற்றோல் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். நாம் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு விலை கேட்டுப் போன காலத்தில் அங்கே கடையே இல்லை.

பிறகு 2020. மார்ச் மாதம், கொரோனாவோடு சேர்த்து, டொலரைப் பிடித்து வைப்பதற்காக வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். இருக்கிற பைக்கை வைத்துக்கொண்டே ஓட வேண்டும் என்று ஆனது. பழைய பைக்கின் விலை ஏறியது, கழட்டி விற்கிற பைக் குறைந்தது, ஆகவே பழைய சாமானும் குறைந்தது. இதே நேரத்தில் உலகச் சந்தையில் செம்பு வேறு ஏறிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் ஒரு டொன் 5,000 டொலருக்குக் கீழே இருந்த செம்பு 2021 மே மாதம் 10,000 டொலரைத் தாண்டியது. கொயில் என்பது செம்பு. அது எங்கே செய்தாலும் விலை ஏறத்தான் செய்யும்.

2022 மார்ச் 7இல் ரூபாவைச் சந்தையில் விட்டார்கள். டொலர் 200 ரூபா சொச்சத்திலிருந்து மே மாதத்துக்குள் 360 ரூபாவுக்கு வந்தது. இதை நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 10 டொலர் பெறுமதியான ஒரு சாமான். வரியும் கடைக்காரர் லாபமும் சேர்க்காமல் முன்பு 2,000 ரூபா; இரண்டு மாதத்தில் 3,600 ரூபா. தோட்டத்து நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த அதே 1,000 ரூபா. இரண்டு நாள் உழைப்பில் வாங்கியதற்கு இப்போது மூன்றரை நாளுக்கும் மேலே நிற்க வேண்டும், அதுவும் பேர் முழுசாக விழுந்தால். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2021இல் இலங்கைத் தேயிலை வெளிநாட்டில் 130 கோடி டொலருக்கு மேலே விற்றது. நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்று. சாமான் இறக்கத் தேவையான டொலரைச் சம்பாதித்த மலையிலேயே அந்தச் சாமானை வாங்க முடியவில்லை.

அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபா. ஜூலையில் கியூஆர் கோட் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீட்டர். கிடைத்த 4 லீட்டரைக் காப்பாற்ற நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? இறக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டினார்கள். நுவரெலியாவிலிருந்து இறங்குகிற பாதைக்கு அது நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும் (பிரேக்கை நினைத்தால் வயிறு கலங்கும், அது வேறு கதை). ஆனால் இன்ஜின் நின்றால் காந்தம் நிற்கும், காந்தம் நின்றால் சார்ஜ் இல்லை. பனிமூட்டத்துக்குப் போட்ட லைட் முழுக்கப் பெட்டரியிலிருந்து உறிஞ்சும். ஏறும்போதும் முதலாம் கியரில் ஊர்ந்து ஏறுகிற பாதையில் கொயில் முழு அளவு கொடுக்காது. இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து புதுப் பைக்குகளில் ஹெட்லைட் எந்நேரமும் எரியத்தான் வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த மாதிரி வந்து சேர்ந்த பைக்குகளில் சுமை இன்னும் கூட. அந்த வருஷம் பெட்டரி செத்தவர்கள் எல்லாரும் பெட்டரியின் பிழையால் சாகடிக்கவில்லை.

பெட்டரி செத்தால் என்ன, உதைத்து ஓடலாமே என்று கேட்கலாம். பழைய சின்னப் பைக்குகள் பலவற்றில் பிளக்குக்கான மின்சாரம் தனிக் கொயிலிலிருந்து வரும், அவை பெட்டரியே இல்லாமலும் ஓடும். புதியவை அப்படியல்ல. பெட்டரி இறங்கினால் பைக் நடுவழியில் நின்றுவிடும். டிவிஷனிலிருந்து மெயின் ரோட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கிற இடத்தில், ராத்திரி பிரசவ வலிக்கு திரீவீல் கூப்பிடப் போகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

அப்போதுதான் கொயில் கட்டுகிறவர்களிடம் ஆட்கள் திரும்பிப் போனார்கள். வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பொறுமை என்றால் என்னவென்று தெரியும். எரிந்த கம்பியைச் சும்மா வெட்டி எறிய மாட்டார்கள். சுற்றைச் சுற்றாகப் பிரித்து எண்ணுவார்கள். ஒரு பல்லுக்கு எத்தனை சுற்று, எந்தத் திசையில் தொடங்கி எந்தத் திசையில் அடுத்த பல்லுக்குத் தாவியது என்று பழைய கொப்பியில் எழுதி வைப்பார்கள். திசை ஒன்று மாறினால் ஒரு பல் கொடுப்பதை அடுத்த பல் தின்றுவிடும். கம்பியின் தடிப்பை அளந்து அதே கேஜில், சூடு தாங்கும் எனாமல் பூசிய புதுக் கம்பி எடுப்பார்கள். மெல்லிய கம்பி போட்டால் சூடாகி எரியும், தடித்தது போட்டால் இடம் கொள்ளாது. சுற்றி முடித்து வார்னிஷில் தோய்த்து, நன்றாகக் காய வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் அவசரப்படுகிறவரிடம் கொடுக்காதீர்கள். இன்ஜின் அதிர்வில் கம்பியோடு கம்பி உரசி, கொடுத்த காசு ஆறு மாதத்தில் போய்விடும். நன்றாகக் கட்டிய கொயில், பெயர் தெரியாத டூப்ளிகேட்டை விட நீண்ட நாள் உழைக்கும் என்பது என் கட்சி. கராஜில் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. டொலர் பழைய 200க்கு வரவில்லை, 300ஐ ஒட்டியே நின்றது. ஆகவே இப்போதும் சாமான் தேடுகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு மீட்டர் கடன் வாங்குங்கள். பைக் நிற்கும்போது நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் திரொட்டில் கொடுத்தால் 14ஐ ஒட்டி ஏற வேண்டும். 13ஐயே தொடவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பெட்டரி அவிகிறது. அதற்குப் பிறகும் கொயிலைக் குறை சொல்லாமல் முதலில் கனெக்டரைக் கழட்டிப் பாருங்கள். நம்முடைய மழைக்கு அந்தப் பின்னுகள் பச்சை பிடித்துப் போகும், இல்லாவிட்டால் சூட்டில் உருகிக் கறுத்திருக்கும். ஏர்த் வயர் துருப்பிடித்திருக்கும். எமரி பேப்பரும் புதுக் கனெக்டரும் சேர்த்தாலும் ஒரு பிளேட் கொத்துக்குச் செலவழிக்கிற காசு வராது. இதைப் பார்க்காமல் கொயில் மாற்றி, மாற்றின பிறகும் சார்ஜ் ஏறாமல் நிற்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ரெகுலேட்டரைக் கட்ட முடியாது. உள்ளே பசை ஊற்றி மூடியிருக்கும், மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது பிளக் பொருந்துகிறதே என்று வேறு பைக்கினுடையதைப் பூட்டாதீர்கள். சின்னப் பைக்குகள் பலவற்றில் கொயிலின் ஒரு முனை ஏர்த்தில் இருக்கும், பெரியவற்றில் மூன்று மஞ்சள் வயர் ஏர்த் தொடாமல் வரும். ஒன்றின் ரெகுலேட்டர் மற்றதற்குச் சேராது. கொயிலை மீட்டரில் பார்க்கும்போதும் இதே வித்தியாசம்: மூன்று மஞ்சள் வயரில் எதுவும் ஏர்த்தோடு தொடர்பு காட்டினால் கொயில் போய்விட்டது, சின்னப் பைக்கில் ஏர்த் காட்டுவது வழமைதான். பழைய கொயில் வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாப் பல்லும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் கரியாகக் கறுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு அந்த இரண்டு ஃபொக் லைட்டுகள். தொழிற்சாலை போட்ட கொயில் அவற்றையும் சேர்த்துச் சுமக்கக் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டதல்ல.

கட்டக் கொடுத்தால் கழட்டின பழைய கம்பியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் கூலியில் கழித்துக்கொள்வார்கள், சிலர் பேசாமல் வைத்துக்கொள்வார்கள். எரிந்து கறுத்திருந்தாலும் அது செம்புதான். பழைய இரும்புக்காரர் லொறி வரும் நாளில் நிறுத்துத்தான் எடுப்பார்.